ராகியை மூன்று வீட்டில் கேட்கிறார்கள், யாருக்குக் கொடுப்பது?

தையல்கடை_ராயக்கோட்டைரோடு கேட்டது:

கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேல் மாடியில் வாடகை வீடு. போன மாம்பழ சீசன் முடிகிற நேரம், காவேரிப்பட்டினம் தாண்டி என்எச் 44-இல் நடுத்தடுப்பு அரளிச் செடிக்குள் ஒரு நாய் கிடந்தது. எந்த வண்டியோ அடித்துவிட்டுப் போயிருக்கிறது. பின்பக்கம் எழவில்லை, முன்னங்காலை ஊன்றி உடம்பை இழுக்கப் பார்த்தது. பக்கத்தில் இளநீர் விற்றவர் ஒரு சாக்கைக் கொடுத்தார். அதில் படுக்க வைத்து ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்துத் தூக்கினோம். வலியில் கடித்துவிடும், முதலில் துப்பட்டாவால் வாயைக் கட்டுங்கள் என்று சொன்னவரும் அவர்தான்.

எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆபரேஷன் தேவைப்படாது, திரும்பிப் படுக்க மட்டும் இடமிருக்கிற மாதிரி அடைத்து வையுங்கள், தானாகக் கூடிவிடும் என்றார் டாக்டர். கடையில் துணி வெட்டும் மேசைக்கு அடியில் மூன்று பக்கமும் மூங்கில் தட்டி கட்டினேன். அங்கேதான் கிடந்தாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் காலடியில் திடீரென்று ஒரு மூக்கு நீளும். அலறியவர்களும் உண்டு, அவளைப் பார்க்கவே ஜாக்கெட் துணி எடுத்து வந்தவர்களும் உண்டு.

ராகி என்று பெயர் வைத்தோம், நிறம் அப்படி. பொட்டை நாய். ஒன்றரை வயது இருக்கலாம் என்கிறார்கள். இப்போது நன்றாக நடக்கிறாள், பனிக்காலையில் மட்டும் இடது பின்னங்கால் கொஞ்சம் வீசி விழும். மெஷின் ஓடும் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்குவாள். லாரி ஏர்ஹாரன் கேட்டால் நடுங்கி, போட்ட சோற்றை விட்டுவிட்டு மேசைக்கு அடியில் போய்விடுவாள். சாக்கு மூட்டை தூக்கி வருகிறவர்களைக் கண்டால் குரைப்பாள். பின்பக்கம் தொட்டால் பிடிக்காது, உறுமி எச்சரிப்பாள், இதுவரை யாரையும் கடித்ததில்லை.

நானே வைத்துக்கொள்ள முடியாது. மாடிப்படி அவள் இடுப்புக்கு ஆகாது. வீட்டுக்காரரும் தை வரைக்கும்தான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டார். வாட்ஸ்அப்பில் படம் போட்டதும் நிறையப் பேர் கூப்பிட்டார்கள். பொட்டை என்றதும் பாதிப் பேர் போனை வைத்துவிட்டார்கள். மிஞ்சியது மூன்று வீடு.

ஒன்று, காவேரிப்பட்டினம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர். ஏக்கர் கணக்கில் இடம், பகலில் கட்டிவைத்து ராத்திரி அவிழ்த்து விடுவாராம். இரண்டாவது, ஓசூரில் கணவன் மனைவி, இருவருக்கும் கம்பெனி வேலை, நான்காவது மாடி ஃபிளாட். நல்ல பிள்ளைகள், தினமும் ராகி படம் கேட்டு மெசேஜ் போடுகிறார்கள். கருத்தடை ஆபரேஷனையும் தாங்களே செய்துகொள்வதாகச் சொல்கிறார்கள். மூன்றாவது, பாலக்கோடு பக்கம் ஓட்டு வீடு. அவர் குட்டி யானையில் தக்காளி லோடு அடிக்கிறார், அந்தம்மாவும் மாமியாரும் வீட்டில் பூ கட்டுகிறார்கள். பள்ளிக்கூடம் போகும் பெண் ஒன்று, நான்கு வயதுப் பையன் ஒருவன், ஒரு ஆடு.

என் மாமியார் தோப்புக்குத்தான் கொடுக்கணும் என்கிறார், ஓட இடம் இருக்கிறதாம். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஓசூர் என்கிறார்கள், ஏசி வீடாம். பாலக்கோட்டை யாருமே சொல்லவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?


மாந்தோப்பு_பர்கூர் எழுதியது:

தங்கச்சி, நான் தோப்புக்காரன். அதனால் தோப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தோப்பு நாய் எல்லாம் பாவப்பட்ட பிறவி என்று டவுன்காரர்கள் நினைப்பதுண்டு, அது சரியில்லை. என்னிடம் இரண்டு இருக்கிறது. என்னோடு மோட்டார் கொட்டகைக்கு வரும், என்னோடு வீட்டுக்குப் போகும். ஆனால் பகல் முழுக்கக் கட்டி ராத்திரி அவிழ்ப்பது வேறு விஷயம். அப்படி வளர்க்கிற நாய்க்கு மனுஷனோடு பழக்கம் என்பது சோறு வைக்கிற ஐந்து நிமிஷம்தான்.

அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். சீசனில் தோப்பைக் குத்தகைக்கு விடுகிறாரா? எங்கள் பக்கம் பாதித் தோப்பு பூ விடும்போதே வியாபாரி கைக்குப் போய்விடும். அவன் ஆள் காவலுக்கு வருவான். ஏப்ரலிலிருந்து ஜூலை வரைக்கும் உங்கள் நாய்க்குச் சோறு போடுவது யாரென்று தோப்புக்காரருக்கே தெரியாது. அப்புறம் மருந்து அடிக்கிற நாட்கள். டிரம்மில் மிச்சமிருக்கும் தண்ணீரை நாய் நக்கினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. காட்டுப்பன்றி வருகிற இடமாக இருந்தால் யாராவது அவுட்டுக்காய் என்கிற நாட்டு வெடி வைத்திருப்பான். பன்றிக்கு வைப்பதை நாயும் கடிக்கும், தாடையே போய்விடும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மாதிரி காட்டோரம் என்றால் சிறுத்தையும் உண்டு, கட்டிப்போட்ட நாயால் ஓடவும் முடியாது.

இதெல்லாம்கூட ஜாக்கிரதையாக இருந்தால் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது ஒன்று உண்டு. காய் திரண்ட பிறகு குரங்குக்கும் வௌவாலுக்கும் நாங்கள் பட்டாசு போடுவோம், தினமும் போடுவோம். ஹாரனுக்கே மேசைக்கு அடியில் போகிறவள் அங்கே என்ன செய்வாள்? முதல் வெடியில் ஓடினால் போய் நிற்பது ரோட்டில்தான். காவலுக்கு நாய் கேட்கிறவருக்கும் அவளால் உபயோகமில்லை.


சும்மா_ஒருவன் எழுதியது:

இவ்வளவு யோசனை எதற்கு? தெரு நாய்தானே. கால் சரியாகிவிட்டது, எடுத்த இடத்திலேயே விடுங்கள், பிழைத்துக்கொள்ளும். சட்டமே பிடித்த இடத்தில் விடச் சொல்கிறது.


ஓசூர்_பாகலூர்ரோடு எழுதியது:

சும்மா ஒருவனுக்கு முதலில் பதில். 2023 கருத்தடை விதிகள் பிடித்த இடத்திலேயே விடச் சொல்வது, கருத்தடைக்காகப் பிடித்துப் போகிற தெரு நாயை. அந்தத் தெருவில் அதற்குச் சோறு வைக்க நாலு வீடாவது இருக்கும். இவளை எடுத்தது என்எச் நடுத்தடுப்பில். அங்கே எந்த வீடு இருக்கிறது? மாதக்கணக்கில் மேசைக்கு அடியில் சோறு போட்டு வளர்த்த நாயைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிட்டால் 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். சரி, அதை விடுங்கள்.

தையல்கடை அம்மா, நான் பல வருஷமாக அடிபட்ட நாய்களை வீட்டில் வைத்துத் தேற்றி வேறு வீடு பார்த்துக் கொடுத்து வருகிறேன். கேட்டு வருகிறவர்களிடம் நாய் பிடிக்குமா என்று நான் கேட்பதே இல்லை. பிடிக்காதவன் எதற்குக் கூப்பிடப் போகிறான்? நான் கேட்பது ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இந்த நாய் எங்கே இருக்கும், பக்கத்தில் யார் இருப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டால் எல்லோரும் அழகாகச் சொல்வார்கள், நாயைக் கூட்டிக்கொண்டு கேஆர்பி டேம் பூங்காவுக்கே போய்விடுவார்கள். செவ்வாய்க்கிழமையைக் கேட்டால் கொஞ்ச நேரம் பதில் வராது. அந்தப் பதிலுக்காகக் காத்திருங்கள், நடுவில் நீங்கள் எதுவும் பேசாதீர்கள்.

ஓசூர் பிள்ளைகளிடம் இதைக் கேளுங்கள். சிப்காட் பக்கம் ஷிப்ட் வேலை என்றால் இருவருக்கும் ஒரே நேரம் பகல் ஷிப்ட் வருகிற வாரம் என்ன செய்வார்கள்? ஃபிளாட் என்பதால் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் ஃபிளாட்தான். அசோசியேஷன் நாய் கூடாது என்று தடை போட முடியாது, விலங்கு நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது, லிஃப்டில் ஏற்றக்கூடாது என்றும் சொல்ல முடியாது. சட்டம் நம் பக்கம்தான். ஆனால் தினம் காலையில் லிஃப்டில் முறைக்கிற முகத்தைப் பார்ப்பது நாமாயிற்றே. மெஷின் சத்தமும் ஆள் நடமாட்டமும் கேட்டே தேறியவள் உங்கள் ராகி. பூட்டிய வீட்டில் ஒன்பது மணி நேரம் தனியாக இருந்தால் கதவைப் பிறாண்டுவாள், ஊளையிடுவாள். அந்தப் பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு வேறு நாய் பொருந்தும், வயதாகி எந்நேரமும் தூங்குகிற ஒன்று.

பாலக்கோட்டு வீட்டை நேரில் போய்ப் பாருங்கள், ராகியையும் கூட்டிக்கொண்டு. ஓட்டு வீடா மாடி வீடா என்பதைப் பார்க்காதீர்கள். அந்த நான்கு வயதுப் பையன் ஆட்டிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்று பாருங்கள். வாலைப் பிடித்து இழுத்தால் பெரியவர்கள் சிரிக்கிறார்களா, கையைப் பிடித்து நிறுத்துகிறார்களா? அதில் தெரிந்துவிடும்.

எந்த வீடானாலும் கருத்தடை செய்யாமல் கொடுக்காதீர்கள். நாங்களே செய்துகொள்கிறோம் என்பார்கள், மனதாரத்தான் சொல்வார்கள். அப்புறம் வேலை, கல்யாணம், மழை. அதற்குள் மார்கழி வந்து வாசலில் பத்து நாய் நிற்கும்.


ஓய்வு_கால்நடைஆய்வாளர் எழுதியது:

அம்மா, கருத்தடை பற்றி அவர் சொன்னதற்கு மேல் ஒன்று உண்டு. இடுப்பெலும்பு முறிந்து தானாகக் கூடும்போது உள்வழி குறுகிவிடுவதுண்டு. குட்டி வெளியே வருவதும் அந்த வழியாகத்தான். சினை பிடித்தால் 63 நாள் கழித்துக் குட்டி சிக்கிக்கொள்ளும், நடுராத்திரியில் வயிற்றைத் திறக்கவேண்டி வரும். பாலக்கோட்டிலிருந்து எங்கே ஓடுவார்கள்? நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்கோ பெங்களூரு ஹெப்பால் கால்நடைக் கல்லூரிக்கோதான். அதனால் இவளுக்குக் கருத்தடை கட்டாயம் வேண்டும். செய்கிற டாக்டரிடம் பழைய எக்ஸ்ரேயைக் காட்டுங்கள். கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தாள் என்றும் சொல்லுங்கள். வந்து முடிந்த உடனே செய்யமாட்டார்கள், இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போடச் சொல்வார்கள்.

அதே காரணத்துக்காக எலும்பும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கோழி எலும்பைப் போடாத வீடு நம் பக்கம் கிடையாது. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடையும். மலமும் கெட்டியாகிக் குறுகின இடத்தில் அடைத்துக்கொள்ளும். ராகிக் களியோ சோறோ எதுவானாலும் அதோடு முட்டை, வேகவைத்த கறி, குடல் ஏதாவது கலக்கவேண்டும். வெங்காயம் போட்ட குழம்பு ஊற்றக்கூடாது, நாய்க்கு அது ரத்தத்தைக் கெடுக்கும். முக்கி முக்கி உட்கார்ந்து ஒன்றும் வரவில்லை என்றால் இரண்டாம் நாளே டாக்டரிடம் போகவேண்டும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

வெறிநோய் ஊசி போட்ட தேதியும் அந்தத் தாளில் இருக்கட்டும், வருஷாவருஷம் போடவேண்டும். கலப்புத் தடுப்பூசி இதுவரை போடவில்லை என்றால் மூன்று நான்கு வாரம் விட்டு இரண்டு முறை போடுங்கள். ரோட்டில் கிடந்த நாய், உடம்பில் உண்ணி இருந்திருக்கும். உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் பார்த்தீர்களா? சோர்வு, ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம் என்று எது தெரிந்தாலும் பாருங்கள். மாத்திரை கொடுத்தால் 28 நாளும் விடாமல் கொடுக்கவேண்டும். நான்கு நாளில் தேறிவிட்டதே என்று பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

சின்னப் பையன் இருக்கிற வீடு. ஊசி போட்ட நாய்தானே என்று நினைக்காமல், பல்லோ நகமோ பட்டு ரத்தம் வந்தால் குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி இலவசம். அன்றைக்கு ஒன்று, அப்புறம் 3, 7, 28-ஆம் நாள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் அப்பக்கூடாது.


தையல்கடை_ராயக்கோட்டைரோடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தெருவில் விடச் சொன்ன அண்ணனுக்கு நான் பதில் எழுத வைத்திருந்ததை ஓசூர் அக்காவே எழுதிவிட்டார்கள்.

ஓசூருக்கு போன் போட்டு செவ்வாய்க்கிழமைக் கேள்வியைக் கேட்டேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "பால்கனியில்தான் அக்கா இருக்கும்" என்றது. உண்மையைச் சொன்னதே எனக்குப் பிடித்தது. வயதான நாய் ஏதாவது வந்தால் சொல்கிறேன் என்றேன், சரி என்றார்கள். தோப்புக்காரரிடம் இடுப்பு முறிந்து கூடிய நாய் என்று சொன்னதும், "ஊனமானது எனக்கு எதுக்கும்மா" என்று முடித்துக்கொண்டார். எனக்கும் ஒரு போன் மிச்சம்.

பாலக்கோட்டுக்கு ஆட்டோ பிடித்து ராகியோடு போனேன். அந்தப் பாட்டி திண்ணையில் சாமந்தி கட்டிக்கொண்டிருந்தார், கையை நிறுத்தவே இல்லை. "இது என்ன திங்கும்" என்று மட்டும் கேட்டார். பையன் ஆட்டுக்குட்டியைக் கட்டிப் பிடித்துத் தூக்கப் பார்த்தான், அவன் அக்கா வந்து கையை விலக்கிவிட்டாள். ராகி கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தாள். மேசைக்கு அடியில் படுத்த பழக்கம் போல. அந்தம்மா குனிந்து பார்க்கவோ கூப்பிடவோ இல்லை, பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துவிட்டுப் பூ கட்டப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் தானாகவே வெளியே வந்து பாட்டி காலடியில் பூக்கூடையை மோந்து பார்த்தாள்.

எல்லாம் சரி என்று நினைக்கும்போது அவர் குட்டி யானையை ஸ்டார்ட் பண்ணினார். அவ்வளவுதான், ராகி இருந்த இடத்திலேயே மூத்திரம் விட்டு, கயிற்றை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவர் உடனே வண்டியை அணைத்துவிட்டார். "வண்டியை ரோட்டு முனையில நிறுத்திக்கிறேன், அங்கிருந்து நடந்து வர்றேன், என்ன இப்போ" என்றார். எனக்கு மனதில் பாரம் இறங்கினது போலவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. தினமும் வண்டி எடுக்கிற வீடு. அடிபட்ட நாய்க்கு இது சரிவருமா?

இன்னொன்று, என் மாமியார் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கே கஷ்ட ஜீவனம், நாய்க்கு ஊசிச் செலவு யார் பார்ப்பார்கள் என்கிறார். அது நியாயமான பேச்சு. கருத்தடைச் செலவையும் முதல் வருஷ ஊசியையும் நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு அவர்களால் முடியுமா என்று அவர்களையேதான் கேட்கவேண்டும்.


ஓசூர்_பாகலூர்ரோடு எழுதியது:

அணைத்தாரே, அது போதும் எனக்கு. "பழகிடும்" என்று சொல்லிக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறவர்கள்தான் அதிகம்.

வண்டி விஷயத்துக்கு வழி இருக்கிறது. முதலில் கொஞ்ச நாள் வண்டி ரோட்டு முனையிலேயே நிற்கட்டும். அப்புறம் ஓடாமல் நிற்கிற வண்டிக்குக் கொஞ்சம் தள்ளிச் சோற்றுத் தட்டை வைக்கச் சொல்லுங்கள், நாளுக்கு நாள் தட்டு நெருங்கட்டும். அவள் நிம்மதியாகத் தின்ற பிறகுதான், தூரத்தில் வைத்து ஸ்டார்ட் பண்ணுவது. இழுத்துப் போய் நிறுத்தக்கூடாது. மாதக்கணக்கில் ஆகலாம். பயம் முழுக்கப் போகாமலும் இருக்கலாம், பரவாயில்லை, வண்டியைக் கண்டு ஒதுங்குகிற நாய் நல்லதுதான். நான் பயப்படுவது அதற்கு நேர்மாறான விஷயத்துக்கு. பழகிவிட்டால் வெயிலுக்கு வண்டிக்கு அடியிலேயே போய்ப் படுக்கும். அதனால் வண்டி எடுக்கும் முன் குனிந்து பார்ப்பதை இப்போதே பழக்கமாக்கச் சொல்லுங்கள். சொந்தக்காரர் சக்கரத்திலேயே போன நாய்கள் எனக்குத் தெரியும்.

ஒரேயடியாகக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாதம் பார்க்கலாம், ஒத்துவராவிட்டால் யார்மேலும் குற்றமில்லை, நான் வந்து கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிக் கொடுங்கள். வேறு யாருக்கும் கைமாற்றக்கூடாது என்பதை மட்டும் எழுதி வாங்குங்கள். புது இடத்தில் நாய் ஓடிப்போவது பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான். கழுத்துப்பட்டை ஒன்று, மார்புப்பட்டை ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு. ஒன்று உருவிக்கொண்டாலும் இன்னொன்று பிடிக்கும். உங்கள் கடையில் அவள் படுத்த துணியைத் துவைக்காமல் கூடவே அனுப்புங்கள்.

செலவுக்கு, தர்மபுரி அரசு கால்நடை மருத்துவமனையில் வெறிநோய் ஊசி பற்றி விசாரித்து வையுங்கள். தனியார் கிளினிக் மாதிரி செலவு ஆகாது.


மாந்தோப்பு_பர்கூர் எழுதியது:

ராகியைக் கொண்டுபோய் விடுவது ஆட்டோவில் வேண்டாம் தங்கச்சி, அது குலுங்குகிற குலுங்கலில் ஆபரேஷன் தையல் என்ன ஆகும்? தையல் பிரிக்கவே பத்துப் பதினான்கு நாள் ஆகும், அதற்கு அப்புறம் பாருங்கள். பாலக்கோட்டில் என் மச்சான் வீடு இருக்கிறது, மாதம் ஒரு தடவையாவது காரில் போவேன். சொன்னால் கிருஷ்ணகிரி வழியாக வருகிறேன். என் வீட்டுக்காரியும் கூட வருவாள்.


தையல்கடை_ராயக்கோட்டைரோடு எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணா. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டேன். தையல் பிரித்ததும் இங்கேயே எழுதுகிறேன். சீட்டில் விரிக்கத் துணி நான் எடுத்து வருகிறேன், கடையில் அதற்குப் பஞ்சமில்லை. அண்ணிக்கு ஒரு ஜாக்கெட் தைத்துத் தருகிறேன், வரும்போது அளவு ஜாக்கெட் ஒன்று எடுத்து வரச் சொல்லுங்கள்.